இரண்டு அடி காலி

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் நலம் விசாரிப்பதற்கு முன்பே வருகிற கேள்வி, "ஏரி எத்தனை அடி?" என்பதுதான். எந்த ஏரி என்று யாரும் கேட்பதில்லை. சென்னை ஜாபர்கான்பேட்டையில் அடையாற்றை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஏரி என்றால் செம்பரம்பாக்கம். நகரத்துக்குக் குடிநீர் தருவதும் அதுதான், மதகைத் திறந்தால் அடையாற்றில் தண்ணீர் விடுவதும் அதுதான். ஆழம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. இந்த இரண்டு எண்ணும் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். குடிநீர் வாரியம் தினமும் வெளியிடும் நீர் இருப்புப் பட்டியலைக் காலையில் முதலில் பார்த்துவிடுவது மாடி வீட்டு அக்காதான். பார்த்ததும் படிக்கட்டில் நின்றபடியே குரல் கொடுப்பார்: "இருபத்திரண்டு ஆயிடுச்சு தம்பி, வண்டிய மேட்டுல நிறுத்திடு."

அந்தப் படிக்கட்டுச் சுவரில் இரண்டு தடயங்கள் இருக்கின்றன. ஒன்று, 2015 டிசம்பரில் வெள்ளம் வந்து நின்ற கோடு. ஒன்பதாவது படிக்கு நேராக, இரண்டு முறை வெள்ளையடித்த பிறகும் பழுப்பாகக் கசிந்து தெரிகிறது. அதற்கு ஒரு முழம் மேலே கரியால் எழுதிய எண்கள்: 4, 4, 6, 3. 2019 கோடையில் தண்ணீர் லாரி வரும் நாட்களில் எந்த வீட்டுக்கு எத்தனை குடம் என்று தெருவே கூடி வகுத்த முறை அது. நான்கு ஆண்டுக்குள் அந்தச் சுவர் தண்ணீரில் முழுகியும் இருக்கிறது, தண்ணீருக்காகக் காத்துக் கிடந்தும் இருக்கிறது.

ஒரு காரியத்தில் மிக நல்லதும் நடக்கலாம், மிகக் கெட்டதும் நடக்கலாம். எது நடக்கும் என்று தெரியாது. ஆனால் இன்றைக்கே முடிவெடுத்தாக வேண்டும். இந்த இக்கட்டில் எப்படி யோசிப்பது என்று கணித அறிஞர்களும் தத்துவவாதிகளும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுதிவருகிறார்கள். அவர்களுடைய உதாரணங்கள் பெரும்பாலும் சூதாட்ட மேசையில் தொடங்குபவை. எனக்கு அந்த வாதங்கள் பிடிபட்டதே செம்பரம்பாக்கத்து மதகை வைத்து யோசித்த பிறகுதான். இங்கே ஆசையும் பயமும் ஒரே தண்ணீரின் மேல். தேக்கி வைத்தால் கோடையில் ஊருக்குக் குடிநீர். தேக்கி வைத்த அதே தண்ணீர் ஓர் இரவு மழையில் ஊருக்குள் வெள்ளம்.

ஐந்து நாளா, ஆறு மணி நேரமா

நவம்பர் கடைசி வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் 22 அடி நிற்கிறது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாகக்கூடும் என்கிறது வானிலை அறிக்கை. அது நேராக வரலாம், ஆந்திரப் பக்கம் திரும்பிவிடலாம், கடலிலேயே வலுவிழந்தும் போகலாம். மதகுக்குப் பொறுப்பான பொறியாளர் இப்போதே கொஞ்சம் திறந்து ஏரியை 20 அடிக்கு இறக்கலாம், அல்லது கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கலாம்.

அந்த இரண்டு அடித் தண்ணீர் 500 மில்லியன் கனஅடிக்குச் சற்று மேலே இருக்கும். கணக்குக்கு 500 என்றே கொள்வோம். சென்னைக்கு மாதம் ஏறக்குறைய ஒரு டி.எம்.சி., அதாவது 1,000 மில்லியன் கனஅடி குடிநீர் வேண்டும் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. ஆக, இரண்டு அடி என்பது முழு நகரத்தின் 15 நாள் குடிநீர். திறந்துவிட்டு மழை வராமல் போனால் 15 நாள் தண்ணீரைக் கடலுக்குத் தாரை வார்த்ததாகும்.

அந்த 500ஐ ஐந்து நாளில் மெதுவாக வெளியேற்ற, நொடிக்குச் சுமார் 1,150 கனஅடி திறந்தால் போதும். அடையாறு அதைச் சத்தமில்லாமல் கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆற்றோரத்தில் மாடு கட்டியிருப்பவர்கூட அவிழ்த்து வேறு இடத்தில் கட்ட வேண்டியதில்லை. ஐந்து நாளும் காத்திருந்துவிட்டு, மழை கொட்டத் தொடங்கிய பிறகு ஆறு மணி நேரத்தில் அதே 500ஐ வெளியேற்ற வேண்டி வந்தால், நொடிக்கு 23,000 கனஅடிக்கு மேல் திறக்க வேண்டும். ஏரியில் இருந்த தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. கையில் இருந்த காலம்தான் குறைந்தது. புதிதாகக் கொட்டும் மழை அதன் மேல் வந்து சேரும் என்பது தனிக்கதை.

2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. ஏரியிலிருந்து திறந்த தண்ணீர் நொடிக்கு 29,000 கனஅடி வரை போனது. அதாவது நொடிக்கு 8 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரிகள் 68ஐ ஒவ்வொரு நொடியும் ஆற்றில் கவிழ்த்துக்கொண்டே இருந்தால் எப்படியோ, அப்படி. ஆற்றில் வந்தது இந்த ஏரித் தண்ணீர் மட்டும் என்று சொல்வது சரியில்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளும் நிரம்பி வழிந்து அதே ஆற்றில்தான் விழுந்தன. எல்லாம் சேர்ந்து வந்ததில் சென்னை விமான நிலையமே பல நாள் மூடிக் கிடந்தது. அந்த மழைக்காலத்தில் மாநிலம் முழுவதும் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள்.

2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இதை மனிதரால் விளைந்த பேரிடர் என்றது. ஏரிக்கு வந்ததைவிட அதிகமாகத் திறக்கப்பட்டது, ஏரியில் இன்னும் தேக்க இடம் இருந்தது என்பவை அதன் குற்றச்சாட்டுகளில் முக்கியமானவை. பெய்தது வரலாறு காணாத மழை, ஆற்று வெள்ளத்தில் ஏரியின் பங்கு ஒரு பகுதிதான் என்பது அரசுத் தரப்பின் வாதம். இரண்டையும் படித்தபின் எனக்குத் தோன்றுவது, அன்று இரவு நல்ல முடிவு என்று ஒன்று மிச்சமே இருக்கவில்லை என்பதுதான். மண் கரை கொண்ட ஏரியை விளிம்பு வரை நிரப்பிவிட்டு, இன்னும் எவ்வளவு வரும் என்று தெரியாத இருட்டில் நிற்பது கரையையே பந்தயம் வைப்பதற்குச் சமம். கரை உடைந்தால் மூன்றரை டி.எம்.சி.யும் ஒரே அலையாக வரும். யோசித்து முடிவெடுக்க வேண்டிய வேளை அதற்கு முந்தைய வாரத்திலேயே கடந்துபோயிருந்தது.

பெருக்கிப் பார்த்தால் போதுமா

நிச்சயமில்லாத இடத்தில் பாடப்புத்தகம் சொல்லித் தரும் வழி, நடக்கும் வாய்ப்பை விளைவின் அளவால் பெருக்கிக் கூட்டிப் பார்ப்பது. ஏரிக்கு அதைப் போட்டுப் பார்க்கலாம். 500 மில்லியன் கனஅடி என்பது 1,415 கோடி லிட்டர். கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், திறந்துவிட்ட தண்ணீரை மறுபடி உண்டாக்க 85 கோடி ரூபாய் ஆகும். பத்து முறை பயந்து திறந்து, அதில் ஒருமுறைதான் பெருமழை வந்தது என்றாலும் வீணான ஒன்பது முறைக்கு 765 கோடி. 2015இன் இழப்பு ஆயிரக்கணக்கான கோடிகளில் பேசப்பட்டது. ஆகப் பத்தில் ஒன்று என்றால் திறப்பதே சரி. ஐம்பதில் ஒன்றுதான் வாய்ப்பு என்றால் வீணாகும் தண்ணீருக்கே 4,165 கோடி ஆகிவிடும், கணக்கு இழுபறியாகும். இரண்டு அடி முன்கூட்டியே இறக்கியிருந்தாலும் வெள்ளம் வராமலே போயிருக்காது, எங்கள் சுவரில் கோடு சில படிகள் கீழே நின்றிருக்கும், அவ்வளவுதான் என்பதையும் சேர்த்தால் இன்னும் இழுபறி.

இந்தக் கணக்கை நான் மதிக்கிறேன். பயத்தில் வாய்க்கு வந்ததைப் பேசுவதைவிட, தோராயமாகவாவது எண்களை எழுதிப் பார்ப்பது எத்தனையோ மேல். ஆனால் விளைவுகள் இரண்டு முனையிலும் மிகப் பெரிதாக இருக்கும்போது இந்தக் கணக்கு தடுமாறும். அதை முதலில் எடுத்துக்காட்டியது ஒரு பூவா தலையா விளையாட்டு.

நிக்கோலாஸ் பெர்னூலி 1713இல் ஒரு கடிதத்தில் எழுப்பிய புதிர் அது. நாணயத்தைச் சுண்டுகிறீர்கள். முதல் முறையே தலை விழுந்தால் 2 ரூபாய். இரண்டாவது முறைதான் தலை விழுந்தது என்றால் 4, மூன்றாவதில் 8, நான்காவதில் 16. தலை விழும்வரை பரிசு இரட்டித்துக்கொண்டே போகும். ஆட்டத்தில் சேர எவ்வளவு கட்டணம் கொடுக்கலாம்? ஒவ்வொரு கட்டத்திலும் வாய்ப்பு பாதியாகிறது, பரிசு இரட்டிப்பாகிறது. பெருக்கினால் ஒவ்வொரு கட்டமும் ஒரு ரூபாய் தரும். கட்டங்களுக்கு முடிவே இல்லை, ஆகவே சராசரி எல்லையற்றது. கணக்குப்படி வீட்டை விற்றும் ஆடலாம். நடப்பில் ஆயிரம் ரூபாய் கொடுத்து ஆடக்கூட யாரும் முன்வர மாட்டார்கள். கொடுத்ததற்கு மேல் கிடைக்க வேண்டுமானால் தொடர்ந்து ஒன்பது முறை பூ விழ வேண்டும், அது 512இல் ஒரு வாய்ப்பு. யாரும் என்றைக்கும் பார்க்கப்போகாத பிரமாண்டமான பரிசுகள்தான் அந்தச் சராசரியை வானத்துக்கு ஏற்றிவைத்திருக்கின்றன.

அவருடைய உறவினர் டேனியல் பெர்னூலி 1738இல் ஒரு விடை சொன்னார். பணம் பெருகப் பெருக, ஒவ்வொரு கூடுதல் ரூபாயும் தரும் பயன் குறைந்துகொண்டே போகும் என்றார். ஒன்றுமில்லாதவருக்குப் பத்தாயிரம் ரூபாய் வாழ்வு, கோடீஸ்வரருக்கு அது கணக்கில் வராத தொகை. இதைத் திருப்பிப் போட்டால் இன்னும் முக்கியமான ஒன்று கிடைக்கிறது. இருப்பு குறையக் குறைய, இழக்கும் ஒவ்வொரு ரூபாயும் கனமாகிறது. கடைசி ரூபாய் எல்லாவற்றிலும் கனம்.

வியாபாரிகள் வாயில் சாதாரணமாக வரும் "முதலுக்கே மோசம்" என்ற சொல் இதற்குத்தான். லாபம் குறைவது ஒரு வகை நஷ்டம். முதலே போவது வேறு வகை, அதற்குப் பிறகு ஆட்டமே இல்லை. நூறு பேர் ஆளுக்கு ஒருமுறை ஓர் ஆபத்தான காரியத்தில் இறங்கி அதில் ஒருவர் இறந்தால், 99 சதவீதம் பத்திரம் என்று அறிக்கை எழுதலாம். ஒரே ஆள் அதே காரியத்தை நூறு முறை செய்தால் அவர் பிழைத்திருக்கும் வாய்ப்பு 37 சதவீதம்கூட இல்லை. கூட்டத்தின் சராசரி தனி ஆளின் விதியைச் சொல்லாது. ஏரிக்கரை ஒவ்வொரு ஐப்பசியும் கார்த்திகையும் அந்த ஆட்டத்தை ஆடுகிறது.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டு மானாவாரி விவசாயிகள் இதை வாழ்ந்து காட்டுகிறார்கள். புரட்டாசியில், மழை வருமுன்பே, வானத்தை நம்பி விதையைப் போடுவார்கள். மழை ஏமாற்றினால் விதையும் உழவுக் கூலியும் போகும். வாய்த்தால் உளுந்தும் பாசியும் கம்பும் வீடு நிறையும். நட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு, நிலம் கையில் இருக்கும், அடுத்த புரட்டாசி வரும். பெரிய நன்மையை நம்பித் துணிவதில் தவறே இல்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அதே நிலத்தை அடகு வைத்து ஒரே பயிரில் எல்லாவற்றையும் கொட்டினால் வரவின் அளவு பெரிதாகும், ஆனால் முதலே பந்தயத்துக்குள் வந்துவிடும். பரிசுச் சீட்டில் வேறொரு கோளாறு. முதல் பரிசு 25 கோடி, சீட்டு விலை 500 ரூபாய், விற்பது 60 லட்சம் சீட்டு என்றால் அந்த முதல் பரிசு ஒவ்வொரு சீட்டுக்கும் சேர்க்கும் மதிப்பு 42 ரூபாய்கூட இல்லை. வாங்குகிறவர் மனதில் 60 லட்சம் என்ற எண் தங்குவதில்லை. 25 கோடி மட்டும் தங்கிவிடுகிறது.

பெயர் முடிந்துபோகும் இடம்

வாய்ப்பைப் பெருக்குவதற்கு முதலில் வாய்ப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டுமே. உச்ச நிகழ்வுகளில் நமக்குத் தெரியாதது முக்கியமாக அதுதான்.

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் இப்போதைய வகைப்பாட்டில் 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. முதல் கனமழை, 11.5 செ.மீ. தாண்டினால் மிக கனமழை, சுமார் 20 செ.மீ.க்கு மேல் அதி கனமழை. அதற்கு மேல் பெயர் இல்லை. 21 செ.மீ. பெய்தாலும் அதி கனமழை, 49 பெய்தாலும் அதி கனமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது. அதற்கும் அதே பெயர்தான். அந்த மாவட்டம் ஒரு முழு ஆண்டில் சராசரியாகப் பெறுவதைவிட அதிகமான மழை அது. தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போய், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. எச்சரிக்கையில் 'அதி கனமழை' என்று படித்த ஒருவர் தன் அனுபவத்தில் பார்த்த பெரிய மழையைத்தான் மனதில் நினைத்திருப்பார். 95 செ.மீ. என்பது அவருடைய கற்பனைக்குள்ளேயே இருந்திருக்காது. குறை சொல்வதற்கில்லை, அவருடைய பாட்டிக்கும் அப்படி ஒரு நினைவு இருந்திருக்காது.

ஆட்களின் உயரத்தைப் பற்றி நாம் இப்படிப் பதற வேண்டியதில்லை. பார்த்ததிலேயே உயரமான ஆளைவிட இரண்டு மடங்கு உயரமான ஒருவர் வரப்போவதில்லை. மழை, வெள்ளம், தொற்றுநோய், கடன் சந்தைச் சரிவு ஆகியவை அப்படியல்ல. இவற்றில் பார்த்ததிலேயே பெரியது எதற்கும் கூரை ஆகாது. அடுத்தது அதைப் போல இரட்டிப்பாகவும் வரலாம். எங்கள் தெருவில் 2015க்குப் பிறகு வீடு கட்டியவர்கள் சுவரில் உள்ள கோட்டை அளந்து, அதற்கு ஒரு சாண் மேலே தரைமட்டம் வைத்தார்கள். ஒருமுறை வந்த வெள்ளத்தை உச்சவரம்பாக எடுத்துக்கொண்ட கணக்கு அது. அவர்களிடம் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர், "அதுக்கு மேல வந்தா யாரு வீடுமே நிக்காது தம்பி, அப்புறம் என்ன?" என்றார். அந்த வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆனால் வீடு நிற்காவிட்டாலும் ஆள் பிழைக்கலாம். மொட்டை மாடிக்கு ஏறும் வழியைப் பூட்டாமல் வைப்பது எந்த அளவு வெள்ளத்துக்கும் உதவும். வாய்ப்பைத் துல்லியமாகக் கணிக்க முடியாத இடத்தில், துல்லியம் தேவைப்படாத பாதுகாப்பைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன்.

பயத்தை மட்டும் கேட்டால்

இதுவரை படித்தவர் ஒருவர், அப்படியானால் ஒவ்வொரு ஐப்பசியிலும் ஏரியைக் காலி செய்துவிடலாமே என்று கேட்கலாம். மிகக் கெட்டது ஒன்றை மட்டும் கண்ணில் வைத்தால் அந்த முடிவுக்குத்தான் போய்ச் சேருவோம். அதனால்தான் 2019ஐ மறக்கக் கூடாது என்கிறேன்.

2018இன் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டன. மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதத் தண்ணீர்கூட இல்லை. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மாலை போட்டு வரவேற்க வேண்டிய ரயில்தான். ஆனால் நகரத்தின் வழக்கமான ஒரு நாள் தேவையில் அது முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. எங்கள் வீட்டுக்கு நான்கு குடம். அதில் குளிப்பதா, துவைப்பதா, குழந்தைக்குப் பால் புட்டி கழுவுவதா என்று காலையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். வெள்ளத்தைப் போல வறட்சி ஓர் இரவில் ஆளைக் கொல்லாது. நூறு நாள் அரைக்கும். வேலைக்குப் போகாமல் வரிசையில் நின்ற பெண்களின் கூலி எந்த இழப்புக் கணக்கிலும் ஏறவில்லை.

பயத்தை எல்லையில்லாமல் பெருக்குவதில் உள்ள சிக்கலைத் தத்துவத்தில் பாஸ்கலின் பந்தயம் என்ற பழைய வாதம் காட்டிக்கொடுத்தது. கடவுள் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு சிறிதானாலும் கிடைக்கக்கூடிய பலன் எல்லையற்றது, ஆகவே நம்பிவிடுவதே லாபம் என்றார் பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர் பிளேஸ் பாஸ்கல். எந்தக் கடவுளை என்று கேட்டவுடன் வாதம் சிக்கிக்கொள்கிறது. ஒன்றை நம்பினால் இன்னொன்று தண்டிக்கும் என்பதற்கும் அதே சின்ன வாய்ப்பு உண்டே. எல்லையற்ற இரண்டு பலன்கள் எதிரெதிராக நின்றால் பெருக்கல் ஊமையாகிவிடுகிறது. அப்போது எடை போட மிச்சமிருப்பது, எந்தப் பக்கத்துக்கு உண்மையான ஆதாரம் கூட என்பது மட்டும்தான்.

பெருமழை நாட்களில் வாட்ஸாப்பில் "ஏரி உடைஞ்சிருச்சு, எல்லாரும் கிளம்புங்க" என்ற குரல்பதிவு தவறாமல் வரும். உண்மையாக இருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான் என்றாலும், உண்மையானால் உயிர் போகுமே, ஓடிவிடுவதுதானே முறை? ஓடுவதும் பத்திரமில்லை. இருட்டில், முழங்கால் தண்ணீரில், மூடியில்லாத சாக்கடைக்கும் அறுந்து தொங்கும் மின்கம்பிக்கும் நடுவே வயதானவர்களைத் தூக்கிக்கொண்டு போவதற்கென்று ஓர் ஆபத்து உண்டு. அதுவும் உயிர்தான். உடைந்துவிட்டது என்று சொல்பவர் எங்கிருந்து பார்த்தார்? சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர் பக்கம் யாருக்காவது போன் போட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏரிக்கும் எங்களுக்கும் நடுவே இருக்கும் ஊர்கள் அவை, தண்ணீர் அங்கே போகாமல் இங்கே வராது. விளைவுகள் இரண்டு பக்கமும் பெரிதாக இருக்கும்போது இந்த மாதிரி மலிவான விசாரிப்புக்குத்தான் மதிப்பு மிக அதிகம். எங்கள் தெருவில் குன்றத்தூர் உறவினரின் எண்ணை ஐந்து பேர் போனில் வைத்திருக்கிறோம்.

வீணாகக் கடலில் கலந்தது

இவ்வளவு தெரிந்தும் முன்கூட்டித் திறப்பது ஏன் கடினமாக இருக்கிறது? திறந்துவிட்ட பிறகு மழை வராவிட்டால் அடுத்த கோடையில் ஒரு தலைப்பு வரும்: "குடிநீர் வீணாகக் கடலில் கலந்தது." அதைத் திறந்த கை யாருடையது என்று ஊருக்கே தெரியும். திறக்காமல் இருந்து மழையும் வராவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். திறக்காமல் இருந்து பெருமழை வந்தால் அது இயற்கையின் சீற்றம் என்று பாதிப் பழி வானத்துக்குப் போய்விடும். ஆக, பொறியாளரின் சொந்தக் கணக்கில் காத்திருப்பதே லாபம், ஊரின் கணக்கில் அது நட்டமாக இருந்தாலும். இதை ஆட்களின் குறையாக நான் பார்க்கவில்லை. முடிவை விளைவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் நம் பழக்கத்தின் குறை இது. ஆபத்து பத்தில் ஒன்று என்று தெரிந்து திறந்தவர், மீதி ஒன்பது முறையும் தவறு செய்தவர் போலத்தான் காட்சியளிப்பார். அன்றைக்கு அவர் கையில் என்ன தகவல் இருந்தது என்பதை எழுதி வைத்து, அதைக் கொண்டு அவரை மதிப்பிடும் ஏற்பாடு இருந்தால்தான் அடுத்தவர் துணிவார்.

2015க்குப் பிறகு நடைமுறை மாறியது. 2020 நவம்பர் 25, நிவர் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த நாள். ஏரி 22 அடியைத் தொட்டதும் பகல் 12 மணிக்கு 1,000 கனஅடி திறந்தார்கள், பிறகு படிப்படியாகக் கூட்டினார்கள். ஐந்து ஆண்டுக்குப் பிறகு முதல் திறப்பு. செய்தி வந்ததும் எங்கள் தெருவில் பாதிப் பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். 'செம்பரம்பாக்கம் திறப்பு' என்ற இரண்டு சொற்களே போதும் படிக்கட்டுச் சுவரில் உள்ள கோட்டை நினைவுபடுத்த. உண்மையில் அது எங்களைக் காப்பாற்றத் திறந்த மதகு. மேலே இரண்டு அடி காலியாக வைத்திருந்தது இரவில் வரப்போகும் மழைக்கு இடம் விடத்தான். ஆறு அன்று ஏறியது, தெருவுக்குள் வரவில்லை.

அந்த இரண்டு அடிக்கு எல்லா நாளும் ஒரே மதிப்பு இல்லை என்பதுதான் இந்தக் கணக்கின் நுட்பமான இடம். நவம்பர் தொடக்கத்தில் திறந்துவிட்டால், பின்னால் வரும் மழையில் ஏரி மறுபடி நிரம்ப நிறைய வாய்ப்பு உண்டு. இழப்பு திரும்பி வரக்கூடியது, ஆபத்தோ முன்னால் காத்திருக்கிறது. டிசம்பர் பாதிக்கு மேல் நிலைமை தலைகீழ். பெருமழைக்கான வாய்ப்பு சுருங்கிவிட்டது, திறந்துவிட்ட தண்ணீர் அடுத்த ஆண்டு வரை திரும்பாது. ஆகவே எந்தத் தேதியில் எத்தனை அடி என்று அட்டவணை போட்டு, தொடக்கத்தில் தாழ்வாகவும் போகப் போக உயரமாகவும் ஏரியை வைத்திருப்பதே முறை. நெம்மேலியில் 2013இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஓர் ஆலையும், 2024 பிப்ரவரியில் நாளுக்கு 15 கோடி லிட்டர் தரும் இன்னோர் ஆலையும் வந்த பிறகு இந்த அட்டவணையில் கொஞ்சம் தாராளம் காட்ட முடிகிறது. வறட்சி வந்தாலும் நகரம் முழுமுடக்கமாகாது என்ற அளவுக்கு ஒரு முனையைத் தாங்கப் பழகினால், மறுமுனைக்கு எதிராக இன்னும் துணிந்து திறக்கலாம். கடல்நீர் ஆலையைக் குடிநீர்த் திட்டம் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எங்களைப் போல ஆற்றோரம் இருப்பவர்களுக்கு அது வெள்ளத் தடுப்பும்கூட.

மாடி வீட்டு அக்காவுக்கு இந்த அட்டவணையை யாரும் காட்டியதில்லை. கார்த்திகையில் "இருபத்திரண்டு ஆயிடுச்சு, வண்டிய மேட்டுல நிறுத்து" என்று குரல் கொடுப்பவர், மார்கழி பிறந்து பனி விழத் தொடங்கியதும் அதே போனில் அதே பட்டியலைப் பார்த்துவிட்டு வேறு குரலில் கேட்கிறார்: "இருபத்திரண்டுதானா தம்பி? இன்னும் ரெண்டு அடி ஏறாதா?"